45 குரோமோசோம் என்று வந்த அறிக்கை: மூன்று கருச்சிதைவுகளுக்கும் இதுதான் காரணமா?

கேள்வி — வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 33, என் மனைவிக்கு 29. அவர் என் சொந்த அத்தை மகள். எங்களுக்கு மூன்று முறை கரு தங்கி, மூன்றும் கலைந்துவிட்டன. முதல் இரண்டும் எட்டு வாரத்துக்கு முன்பே கலைந்தன. மூன்றாவதில் ஏழாவது வாரத்தில் இதயத்துடிப்பைப் பார்த்தோம். பத்தாவது வார ஸ்கேனில் துடிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இதுவரை சோதனைகள் எல்லாம் என் மனைவிக்கு மட்டுமே நடந்தன. தைராய்டும் சர்க்கரையும் இயல்பு. எம்டிஹெச்எஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது, அதனால் ரத்தம் உறைகிறது என்று கூறி, மூன்றாவது கர்ப்பத்தில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் ஊசியை நாள்தோறும் போடச் சொன்னார்கள். தொப்புளைச் சுற்றி ஊசி இறங்கிய இடமெல்லாம் கன்றி, நீலம் பாரித்துப் பிறகு மஞ்சளாகும். அது ஆறுவதற்குள் பக்கத்தில் அடுத்த ஊசி. அத்தனையையும் அவர் பொறுத்துக்கொண்டும் கரு நிற்கவில்லை. கலைந்த திசுவை, கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டு அனுப்பினார்கள். "கோரியானிக் வில்லை (நஞ்சுக்கொடித் திசு) காணப்படுகின்றன, புற்று மாற்றம் இல்லை" என்ற ஒற்றை வரியோடு முடிவு வந்தது.

இப்போது பார்க்கும் மருத்துவர் எங்கள் இருவருக்கும் கேரியோடைப் சோதனை, அதாவது குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் பார்க்கும் ரத்தச் சோதனை, எழுதிக் கொடுத்தார். மனைவிக்கு 46,எக்ஸ்எக்ஸ், இயல்பு. எனக்கு "45,எக்ஸ்ஒய், டெர்(13;14)(க்யூ10;க்யூ10), சமநிலை ராபர்ட்சோனியன் இடமாற்றம்" என்று வந்திருக்கிறது, அதாவது இரண்டு குரோமோசோம்கள் ஒன்றாக ஒட்டியிருக்கின்றனவாம். எனக்கு உடல்நலக் குறை ஏதும் இல்லை. அறிக்கையை விளக்கியவர், என் விந்தணுக்கள் ஆறு வகையாக அமையும், அவற்றில் இரண்டு வகையே சரியானவை, எனவே மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான் உண்டு என்றார். உடலுக்கு வெளியே கருவை உருவாக்கி, சோதித்துக் கருப்பையில் வைக்கும் ஐவிஎஃப் முறையே வழி என்றும் சொன்னார். அதற்கான செலவை ஏற்க வேண்டுமானால் நாங்கள் நிலத்தைத்தான் விற்க வேண்டும்.

இந்த ஒட்டுக் குரோமோசோம்தான் மூன்று இழப்புகளுக்கும் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? சொந்தத்தில் மணம் முடித்ததால் இது வந்ததா? திருமணத்துக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் என் தங்கைக்கு இதைச் சொல்ல வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். இத்தனை காலம் குறை முழுவதையும் என் மனைவியின் மேல் சுமத்திய உறவினர்களிடம் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அடுத்து எடுக்கும் முடிவாவது தெளிவோடு எடுக்கப்பட வேண்டும் என்று விரும்புகிறேன்.

மறுமொழி — குரோமோசோம் ஆய்வகர்

வணக்கம் சகோதரரே. உங்கள் இருவருக்கும் நேர்ந்த இழப்புகளுக்காக மனம் வருந்துகிறேன். இத்தகைய அறிக்கைகளை எழுதுவதே என் தொழில். உங்கள் அறிக்கையை நான் நேரில் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துச் சொல்கிறேன்.

ஒவ்வொரு குரோமோசோமுக்கும் மேலும் கீழுமாக இரண்டு பகுதிகள் உண்டு, அவற்றைக் கைகள் என்போம். மனிதக் குரோமோசோம்களில் 13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்துக்கும் மேல் கை மிகக் குட்டையானது. அந்தக் குட்டைக் கையில் இருப்பவை பெரும்பாலும் ரைபோசோம் ஆர்என்ஏவை உருவாக்கும் மரபணுக்களின் படிகள். அதே படிகள் மற்ற நான்கு வகைக் குரோமோசோம்களிலும் இருப்பதால், இரண்டு குட்டைக் கைகள் தொலைந்தாலும் உடலுக்கு எந்தக் குறையும் நேர்வதில்லை. உங்கள் உடலில் ஒரு 13-உம் ஒரு 14-உம் நீண்ட கைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே குரோமோசோமாக ஆகியிருக்கின்றன. அதனால்தான் எண்ணிக்கை வழக்கமான 46க்குப் பதில் 45 என்று வருகிறது. உங்களிடம் இருக்க வேண்டிய மரபுப் பொருள் முழுவதும் இருக்கிறது, இதையே சமநிலை என்கிறோம். 1916இல் வெட்டுக்கிளிகளில் இவ்வகைச் சேர்க்கையை விவரித்த ராபர்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒருவரிடம் ஏதேனும் ஒரு ராபர்ட்சோனியன் இடமாற்றம் இருக்கிறது. அவற்றுள் 13-உம் 14-உம் சேர்வதே மிகுதி. இதைச் சுமந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதை அறியாமலே பிள்ளை பெற்று, பேரன் பேத்தியும் கண்டுவிடுகிறார்கள்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட "ஆறில் இரண்டு" என்ற கணக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் நிலத்தை விற்கும் அளவுக்கு ஒரு குடும்பத்தைத் தள்ளுவது இந்தக் கணக்குத்தான். விந்தணு உருவாகும்போது தனியான 13, தனியான 14, ஒட்டிய குரோமோசோம் ஆகிய மூன்றும் இரண்டு பக்கமாகப் பிரிய வேண்டும். ஏட்டில் எழுதிப் பார்த்தால் ஆறு வகை விந்தணுக்கள் கிடைக்கும்: முற்றிலும் இயல்பானது ஒன்று, உங்களைப் போலவே ஒட்டுக் குரோமோசோமைச் சமநிலையில் சுமப்பது ஒன்று, 13 மிகுந்தது, 13 இல்லாதது, 14 மிகுந்தது, 14 இல்லாதது. ஆறு வகை என்பது சரி. ஆறும் சம அளவில் உருவாகும் என்பது சரியன்று. மூன்று குரோமோசோம்களும் அணிவகுத்து நிற்கும் விதத்திலேயே, ஒட்டியது ஒரு பக்கமும் தனித்த இரண்டும் மறுபக்கமும் செல்லும் போக்கு வலுவாக இருக்கிறது. ராபர்ட்சோனியன் இடமாற்றம் உள்ள ஆண்களின் விந்தணுக்களை ஒளிரும் குறியீடு கொண்டு ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்த ஆய்வுகளில், ஆளுக்கு ஆள் வேறுபாடு இருந்தாலும், பெரும்பாலோரிடம் முக்கால் பங்குக்கு மேல், பலரிடம் 85 விழுக்காட்டை ஒட்டி, இயல்பான அல்லது சமநிலையான விந்தணுக்களே காணப்பட்டன. மூன்றில் ஒன்று என்று சொல்லப்பட்டதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

இதிலிருந்து இன்னொன்றும் பெறப்படுகிறது. உங்கள் முதல் கேள்விக்கு என் விடை அதுவே. பெரும்பகுதி விந்தணுக்கள் சரியாக இருக்கும் ஒருவருக்கு மூன்று கருக்கள் அடுத்தடுத்துக் கலைந்தால், மூன்றுக்கும் ஒட்டுக் குரோமோசோமே காரணம் என்று முடிவு கட்டிவிட இயலாது. 13 அல்லது 14 குறைந்த கரு பெரும்பாலும் கருப்பையில் பதியும் முன்பே அழிந்துவிடும். அது கர்ப்பமாகவே தெரியாது. 14 மிகுந்த கரு தொடக்க வாரங்களில் கலையும். 13 மிகுந்த கருவும் பெரும்பாலும் கலையும். அரிதாகப் பிறப்பு வரை சென்று பட்டாவ் நோய்க்குறி என்ற கடுமையான நிலையோடு பிறக்கும். ஆனால் பெற்றோர் இருவரும் முற்றிலும் இயல்பான குரோமோசோம்கள் உடையவர்களாக இருக்கும்போதும், முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதியில் 16ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பது, ஓர் எக்ஸ் குறைந்திருப்பது போன்ற பிழைகள் காணப்படுகின்றன. அவை அந்தக் கருவோடு முடிந்துபோகும் பிழைகள், யாருக்கும் நேரலாம். உங்கள் மூன்றில் எது எவ்வகை என்பதை அந்தத் திசுவால் மட்டுமே சொல்ல முடியும்.

ஃபார்மலினில் இட்ட திசுவில் செல்கள் இறந்துவிடும். எனவே குரோமோசோம் வளர்ப்புச் சோதனை செய்ய வழியில்லை. ஆயினும் உங்களுக்கு ஒரு வாய்ப்பு எஞ்சியிருக்கலாம். நோய்க்குறியியல் ஆய்வகங்கள் திசுவை மெழுகுக் கட்டியாக்கிச் சில ஆண்டுகள் பாதுகாத்து வைப்பதுண்டு. அந்தக் கட்டி இருக்கிறதா என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். இருந்தால், அதிலிருந்து 13, 14 ஆகியவற்றின் எண்ணிக்கையை மட்டுமாவது பார்க்க முடியுமா என்று ஒரு மரபியல் ஆய்வகத்தை விசாரிக்கலாம். டிஎன்ஏ சிதைந்திருந்தால் முடிவு கிடைக்காமலும் போகும்; அதை அறிந்தே முயலுங்கள்.

சொந்தத்தில் மணம் முடித்ததால் குரோமோசோம்கள் ஒட்டிக்கொள்வதில்லை. ஆனால் உங்கள் உறவுமுறை வேறொரு வகையில் இங்கே முக்கியமானது. இந்த இடமாற்றம் உங்களிடமே புதிதாகத் தோன்றியிருக்கலாம், அல்லது தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம். தந்தை வழி வந்திருந்தால், அவருடைய உடன்பிறந்தவரான உங்கள் அத்தையும் அதைச் சுமந்திருக்கலாம். உங்கள் மனைவியிடம் அது இல்லை என்று தெரிந்துவிட்டாலும், மைத்துனர்களிடமோ கொழுந்தியாள்களிடமோ இருக்க வாய்ப்புண்டு. தாய் வழி என்றால் பார்வை மாமா, சித்தி பக்கம் திரும்ப வேண்டும். ஆகவே முதலில் உங்கள் பெற்றோர் இருவரும் கேரியோடைப் பார்த்துக்கொள்வது நல்லது. கணவன் மனைவி இருவரும் ஒரே முன்னோரிடமிருந்து ஒரே இடமாற்றத்தைப் பெற்ற குடும்பங்களும் உலகில் உண்டு. அத்தகைய குடும்பங்களில் 44 குரோமோசோம்களோடு நலமாக வாழ்பவர்கள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறார்கள்.

மறுமொழி — மகப்பேறு மருத்துவர்

மேலே எழுதியிருப்பவரோடு நான் முற்றிலும் உடன்படுகிறேன். சிகிச்சை பற்றிய பகுதியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்களிடம் ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்பதற்காக உங்கள் மனைவிக்குச் செய்ய வேண்டிய சோதனைகளை நிறுத்திவிடக் கூடாது. நீங்கள் எழுதியதில், ரத்தம் உறைவதைத் தூண்டிக் கருவைக் கலைக்கக்கூடிய ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்களுக்கான சோதனை இல்லை. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் எதிர்ப்பொருள் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். மிகுந்திருந்தால் குறைந்தது 12 வாரம் கழித்து மீண்டும் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இது மரபு வழி வருவதன்று, ஆனால் சிகிச்சையால் பலன் கிடைக்கக்கூடிய காரணம் என்பதால் விட்டுவிடக் கூடாதது. குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெபாரினும் உண்மையிலேயே இடம் பெறுவது இங்கேதான். கருப்பையின் உள்ளே தடுப்புச் சுவர் இருக்கிறதா என்பதை முப்பரிமாண ஸ்கேனில் பார்த்திருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எம்டிஹெச்எஃப்ஆர் சோதனையைப் பற்றி எனக்கு நெடுநாளாக மன வருத்தம் உண்டு. அந்த மரபணுவின் மாற்று வடிவங்கள் உலக மக்களிடையே மிகச் சாதாரணமாகக் காணப்படுபவை. பிள்ளை பெற்ற பெண்களிடமும் அவை அதே அளவில் இருக்கின்றன. தொடர் கருச்சிதைவுக்காக இச்சோதனையைச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013இலேயே அறிவுறுத்திவிட்டது. அதன் பெயரால் பெண்கள் மாதக்கணக்கில் வயிற்றில் ஊசி ஏற்றுக்கொள்வது தேவையற்ற துன்பம். ரத்த உறைவுக்கு உண்மையாகவே தொடர்புடைய ஃபேக்டர் ஃபைவ் லைடன் போன்ற மரபு மாற்றங்கள் உள்ளவர்களிடமே ஹெபாரின் பயன் தருகிறதா என்று சோதித்த அலைஃப்-2 ஆய்வு 2023இல் லான்செட் இதழில் வெளிவந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் 72 விழுக்காட்டினரும், போட்டுக்கொள்ளாதவர்களில் 71 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். அவர்களுக்கே பயன் இல்லையென்றால் எம்டிஹெச்எஃப்ஆருக்காக ஊசி போடுவதற்கு என்ன அடிப்படை இருக்க முடியும்? அந்த ஊசியைச் சரியாகப் போடாததால் கரு கலைந்தது என்ற எண்ணம் உங்கள் இருவரில் யாருக்கேனும் இருந்தால், அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இனி ஐவிஎஃப். கருவை ஐந்தாம் நாள் வரை வளர்த்து, பின்னர் நஞ்சுக்கொடியாக மாறவிருக்கும் பகுதியிலிருந்து சில செல்களை எடுத்து, 13, 14 சரியாக உள்ளனவா என்று பார்த்து வைப்பது அந்த முறை. கலையப்போகும் கருவைத் தவிர்க்க அது உதவும் என்பது உண்மை. ஆனால் கையில் குழந்தை கிடைக்கும் வாய்ப்பை, இயல்பாகக் கருத்தரித்து முயல்வதைவிட, அது கூட்டுகிறது என்பதற்குத் தக்க சான்று இதுவரை இல்லை. உங்களுக்குக் கரு தங்குவதில் சிக்கலே இல்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். நெதர்லாந்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கருச்சிதைவுகளுக்குப் பின் குரோமோசோம் சோதனை செய்துகொண்ட தம்பதியரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வொன்று 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. இடமாற்றம் போன்ற மாறுபாட்டைச் சுமந்த தம்பதியரில் 83 விழுக்காட்டினரும், சுமக்காதவர்களில் 84 விழுக்காட்டினரும் குறைந்தது ஒரு நலமான குழந்தையைப் பெற்றிருந்தனர். இடைவழியில் மீண்டும் ஒரு கருச்சிதைவைச் சந்தித்தவர்கள் முதல் பிரிவில் 49 விழுக்காடு, இரண்டாவதில் 30. ஆக, இன்னொரு இழப்பு நேரும் வாய்ப்பு மிகுதிதான். குழந்தை கிடைக்கும் வாய்ப்பு அதனால் குன்றிவிடவில்லை. இன்னொரு இழப்பைத் தாங்க முடியாது என்று உங்கள் மனைவி சொன்னால், அது ஐவிஎஃப் செய்வதற்குப் போதுமான, மதிக்கத்தக்க காரணம். அது ஒன்றே வழி என்று எவரேனும் சொன்னால் ஏற்க வேண்டாம். மனைவிக்கு வயது 29 என்பதால் அவசரமும் இல்லை.

இயல்பாகக் கருத்தரித்தால், ஆறு, ஏழு வாரங்களில் முதல் ஸ்கேன் பாருங்கள். ரத்தக்கசிவு தென்பட்டால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். முந்தைய இழப்புகள் உள்ளவர்களுக்கு அந்நிலையில் புரோஜெஸ்டிரோன் பயன்படக்கூடும். கரு நிலைத்தால் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு சோதனையோ, 15 வாரத்துக்குப் பின் பனிக்குடநீர் சோதனையோ செய்துகொள்ளலாம். கருவில் சமநிலை இடமாற்றம் தெரிந்தால், 14ஆம் குரோமோசோம் இரண்டும் ஒரே பெற்றோரிடமிருந்து வந்துவிட்டனவா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். வாய்ப்பு மிகக் குறைவு, இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி. தாயின் ரத்தத்திலேயே கருவின் டிஎன்ஏவைப் பார்க்கும் சோதனை 13ஐ அளவிடும், ஆனால் அது முதல்கட்டச் சோதனை மட்டுமே. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கருச்சிதைவு கண்ட பெண்ணுக்கு இத்தகைய சோதனைகளை 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டமே அனுமதிக்கிறது. கருவின் பாலினத்தை மட்டும் எவரும் சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது.

மறுமொழி — நெய்தல்

நானும் ஓர் இடமாற்றத்தைச் சுமப்பவள். என் அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது. என்னுடையது வேறு இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்ட வகை, எனவே என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. இப்போது எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். ஐவிஎஃப் இல்லாமல் பிறந்தவள்.

தங்கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எனக்கு முன்பே தெரிந்திருந்தால் முதல் இழப்பிலேயே திசுவைச் சோதனைக்குக் கொடுத்திருப்பேன், தெரியாத நோய்களுக்கெல்லாம் மருந்து உண்டிருக்க மாட்டேன். வரன் தட்டிப்போகும் என்று பெரியவர்கள் அஞ்சுவார்கள். என் வீட்டிலும் அஞ்சினார்கள். ஆனால் மறைக்கப்பட்ட செய்தி பின்னர் வெளியாகும்போது அதற்கு விலை கொடுப்பவள் அந்தப் பெண்தான். அவளிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். ரத்தம் கொடுப்பதா, எப்போது கொடுப்பது, யாரிடம் சொல்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். அம்மாவோ அண்ணனோ முடிவு செய்ய வேண்டிய செய்தி இல்லை இது.

வைகைக்கரை

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நீங்கள் எழுதியதை மனைவியும் நானும் சேர்ந்து படித்தோம். அப்பாவும் அம்மாவும் ரத்தம் கொடுக்க ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மெழுகுக் கட்டி பற்றிக் கடிதம் கொடுக்கப் போகிறோம். இப்போதைக்கு ஐவிஎஃப் வேண்டாம் என்பது மனைவியின் முடிவு. எனக்கும் அது சரியென்றே படுகிறது. இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. தங்கைக்கும் இருப்பதாகத் தெரிந்தால் அவளுக்கு ஆபத்து என்னைவிட மிகுதியா? அப்படி நேரக் கூடாது, நேர்ந்துவிட்டால், அடுத்த முறை திசுவை எப்படிக் கொடுக்க வேண்டும்?

மறுமொழி — குரோமோசோம் ஆய்வகர்

பெற்றோரில் ஒருவரிடம் இருப்பது உறுதியானால் தங்கையிடம் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதி. இருவரிடமும் இல்லையென்றால் அது உங்களிடம் புதிதாகத் தோன்றியது என்று கொள்ளலாம்; தங்கையைப் பற்றிய கவலை பெரும்பாலும் நீங்கிவிடும். எனவே பெற்றோரின் அறிக்கை வந்த பிறகே அவர் முடிவெடுப்பது நல்லது. பெண்கள் சுமக்கும்போது சமநிலை தவறிய கரு உருவாகும் வாய்ப்பு ஆண்களைவிடச் சற்று மிகுதி. இருப்பினும் 13-14 சேர்க்கையில், 13 மூன்றாக உள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு தாய் சுமந்தாலும் நூற்றுக்கு ஒன்றை எட்டுவதில்லை. 21ஆம் குரோமோசோம் சேர்ந்த வகைகளின் கணக்கு வேறு. இணையத்தில் அவற்றைப் பற்றிப் படித்துவிட்டு அவர் அஞ்ச வேண்டாம் என்று சொல்லுங்கள்.

திசு பற்றி: கருத்தரித்தவுடனேயே மருத்துவக் குறிப்பேட்டின் முன்பக்கத்தில் "கலைந்தால் திசுவை ஃபார்மலினில் இட வேண்டாம், மரபியல் சோதனைக்கு அனுப்பவும்" என்று மருத்துவரைக் கொண்டே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கு அந்த ஒரு வரிதான் வழிகாட்டும். தூய்மையான புட்டியில் நார்மல் சலைன் (மருத்துவ உப்புநீர்) ஊற்றித் திசுவை அதில் இட வேண்டும். உடனே அனுப்ப இயலாவிட்டால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம், உறைநிலைப் பெட்டியில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குச் சேர்வது நல்லது. கூடவே உங்கள் மனைவியின் ரத்தமும் இடிடிஏ குழாயில், அதாவது ரத்தம் உறையாமல் காக்கும் பொருள் உள்ள குழாயில், செல்ல வேண்டும். திசுவோடு தாயின் செல்கள் கலந்திருந்தால் அவருடைய இயல்பான குரோமோசோம்களே கருவினுடையவை என்று தவறாகப் பதிவாகிவிடும். உங்கள் கேரியோடைப் அறிக்கையின் நகலையும் இணைத்துவிடுங்கள். அதைப் பார்த்தால் எங்களைப் போன்றவர்கள் 13ஐயும் 14ஐயும் முதலில் தேடுவோம்.